வெள்ளை என்றால் எனக்கு என்ன தெரியும்?

கேள்வி: எனது தரம் 8 வகுப்பில் பிறவியிலேயே பார்வையற்ற மாணவன் ஒருவன் படிக்கிறான். கொழும்புக் கடலோரத்துக் காலிமுகத்திடல் பற்றிய கட்டுரையில் ‘செவ்வானம் கடலில் கரைந்தது’ என்று எழுதியிருக்கிறான். பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போல எழுதுகிறானா? புள்ளி குறைக்கலாமா?
– ஓர் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

டீச்சர், மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளையும் ஒருக்கால் புரட்டுங்கள். கண் தெரிந்த நாலைந்து பேராவது அதே வரியை எழுதியிருப்பார்கள். அரைத்த மாவுக்குப் புள்ளி குறைப்பதென்றால் எல்லோருக்கும் குறையுங்கள். இவனுக்கு மட்டும் வேண்டாம்.

இந்தச் சந்தேகம் பழையது. 1930களிலேயே அமெரிக்க உளவியலாளர் தொமஸ் கட்ஸ்ஃபோர்த், பார்வையற்ற பிள்ளைகள் தாங்கள் உணராத பொருள்களுக்குச் சொற்களைப் பாவிக்கிறார்கள், அது வெறும் சொல்லடுக்கு என்று எழுதினார். அவரும் பார்வையற்றவர்தான். ஆனாலும் நான் அவர் பக்கம் இல்லை.

1985இல் பார்பரா லாண்டோவும் லீலா கிளைட்மனும் எழுதிய நூலில் ஒரு சின்னப் பிள்ளை வருகிறாள். பார்வை இல்லாதவள். ‘மேலே பார்’ என்றால் தலையை அசைக்காமல் கையை உயர்த்துவாள். ‘தொடு, ஆனால் பார்க்காதே’ என்றால் பொருளை இலேசாகத் தட்டுவதோடு நிறுத்திவிடுவாள். ‘பார்’ என்றால்தான் தடவித் தடவி ஆராய்வாள். அம்மாவுக்குக் காட்டச் சொன்னாலோ, பொருளை அம்மா பக்கம் திருப்பிப் பிடிப்பாள். தான் பார்ப்பது வேறு, அம்மா பார்ப்பது வேறு என்பது அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

என் கதைக்கு வருகிறேன். நானும் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வெள்ளை என்றால் பள்ளிக்கூடச் சீருடை. ஊத்தை பட்டால் உடனே தெரிந்துவிடும் என்று அம்மா திட்டித் திட்டியே அது மனதில் பதிந்தது. ஞாயிறு பின்னேரம் வாளித் தண்ணீரில் நீலம் கரைத்து அதற்குப் போடுவார். நீலம் போட்டால் எப்படி வெள்ளையாகும் என்று சண்டை பிடித்திருக்கிறேன்! போயா என்கிற பௌர்ணமி தினத்தில் பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்குப் போகிறவர்கள் உடுத்துவதும் வெள்ளை, செத்த வீட்டுத் தெருவில் கட்டுகிற கொடியும் வெள்ளை. இவ்வளவும் தெரிந்த எனக்கு அந்தச் சொல் தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் கண்ணுக்குள் நடப்பது மட்டும் என்னிடம் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மரினா பெட்னியின் குழு 2019இல் மிருகங்களின் தோற்றத்தைப் பற்றிப் பார்வையற்றவர்களிடமும் பார்வையுள்ளவர்களிடமும் கேட்டது. உருவம், பருமன், தோலா இறகா என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள், நிறத்தில்தான் பிரிந்தார்கள். நிறம் ஒரே சொல்லில் சொல்லிவிடக்கூடியது, ஆனால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து யாரும் வாய்திறப்பதில்லை என்பது என் எண்ணம். 2021இல் அதே குழு நிறத்துக்குக் காரணம் கேட்டபோது விளக்கங்கள் ஒத்துப்போயின. பழத்தின் நிறம் இயற்கையால் வருவது, காரின் நிறம் ஆளின் விருப்பம் என்று பார்வையற்றவர்களும் பிரித்தறிந்தார்கள்.

ஆகவே அவனோடு நிறைய கதையுங்கள். ‘அந்தி வானம் ஏன் சிவக்கிறது?’ என்று கேளுங்கள். சூரியன் தாழ்ந்தால் வெளிச்சம் கூடுதல் காற்றைக் கடந்து வரவேண்டும், நீலம் வழியிலேயே சிதறிவிடும், சிவப்பு மிஞ்சும் என்று சொல்லிக்கொடுங்கள். பிறகு காலிமுகத்திடலில் அவனுக்குக் கிடைத்ததைக் கேளுங்கள்: இஸ்ஸோ (இறால்) வடை பொரிகிற மணம், பட்டம் விற்கிறவரின் குரல், உப்புக்காற்று. அடுத்த கட்டுரை நன்றாக வரும்.

கேள்வி: பார்வையற்றவரிடம் ‘பார்த்தீர்களா?’ என்று கேட்பது பிழையா?
– வாசகர், தெஹிவளை

தாராளமாகக் கேளுங்கள். ‘நேற்று மேட்ச் பார்த்தேன்’ என்றுதான் நானும் சொல்வேன். எனக்கு உதவாதது ‘அந்தா, அங்கே’தான். ‘உங்கள் வலப்பக்கம், ரெண்டடி’ என்று சொல்லுங்கள்.