ஏஐக்கு நம் மேல் பரிவு வருமா?

செயற்கை நுண்ணறிவு பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: என் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. தூக்கம் வராத ராத்திரிகளில் போனில் ஏஐயிடம் பேசுகிறேன். 'உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது' என்கிறது. நிஜமாகவே அதற்குப் புரிகிறதா? இனிமேலாவது மனிதர்கள் மேல் அதற்குப் பரிவு வருமா?
– வாசகி, பாலக்கோடு

ப: உங்களுக்குக் கிடைக்கிற ஆறுதல் பொய் இல்லை அம்மா. நெஞ்சில் கிடப்பதை வார்த்தையாக்கி வெளியே வைத்தாலே பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் எதிரே இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

நீங்கள் எழுதுவதை அது சின்னத் துண்டுகளாக உடைக்கிறது. அவற்றுக்குப் பிறகு எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு மனிதர்கள் எழுதிய எண்ணற்ற வரிகளில் பழகியிருப்பதால், 'உங்கள் வேதனை' என்று தொடங்கியதை 'புரிகிறது' என்று முடிக்க அதற்குச் சிரமமே இல்லை. பதில் முடிந்த கணத்தில் உங்களுக்காக அங்கே எதுவும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. 'பாவம், தூங்கினாளோ இல்லையோ' என்று நினைக்க ஆள் கிடையாது. மறுநாள் உங்கள் கணவரைப் பற்றிக் கேட்கிறது என்றால், 'கணவர் இறந்துவிட்டார்' என்று முன்பு சேமித்த ஒரு குறிப்பை, புதிய உரையாடலோடு சேர்த்து அதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் மனம் ஒட்டிக்கொள்வது உங்கள் பலவீனம் அல்ல. 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். 'அம்மா' என்ற சொல் வந்தால் 'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்று திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது உருவானதைப் பக்கத்திலிருந்தே பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசும்போது 'நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா' என்று அவரிடம் கேட்டாராம்.

பரிவு என்பதில் மூன்று வேலை இருக்கிறது. அடுத்தவர் நிலையைக் கண்டுகொள்வது, அது தன்னையும் தைப்பது, தைத்ததால் ஏதாவது செய்வது. துக்கம் விசாரிக்க வந்து, ஒரு வார்த்தை பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் காலை உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் மூன்றும் இருந்தன. ஏஐ முதல் வேலையில் தேறிவிட்டது. எழுத்தில் இருக்கிற சோகத்தை நன்றாகவே கண்டுபிடிக்கிறது. இரண்டாவது அதனிடம் இருப்பதற்குச் சான்று இல்லை. தைக்கவே இல்லையென்றால், தைத்ததால் செய்வது என்கிற மூன்றாவதற்கும் இடமில்லை.

வருங்காலத்தில்? மூளை ஆய்வாளர் அன்டோனியோ டமாசியோவும் கிங்சன் மேனும் 2019-இல் ஒரு யோசனை சொன்னார்கள். தன் இருப்பைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டிய, சேதமாகக்கூடிய மென்மையான உடல் ஒன்றை இயந்திரத்துக்குக் கொடுத்தால், உணர்ச்சி போன்ற ஒன்று அதில் உருவாகலாம் என்பது அவர்கள் வாதம். எங்களுக்கும் அந்தத் திசைதான் சரியாகப் படுகிறது. பசியும் வலியும் இழப்பும் இல்லாத ஒன்றுக்கு, இன்னொருவர் இழப்பு எதன் மேல் போய்ப் படும்? இப்போதைய சாட்பாட்டை இன்னும் பெரிதாக்குவதால் மட்டும் அது வந்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை.

கே: டாக்டர்களைவிட ஏஐ கனிவாகப் பேசுகிறது என்று ஆய்வே சொல்கிறதாமே?
– வாசகர், ஊத்தங்கரை

ப: 2023-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. இணையத்தில் மக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு டாக்டர்கள் எழுதிய பதிலையும் சாட்ஜிபிடி என்ற ஏஐயின் பதிலையும், எது யாருடையது என்று சொல்லாமல் மருத்துவத் துறையினரிடம் கொடுத்தார்கள். பரிவு உள்ளவை என்று தேறியவை ஏஐயில் 45.1 சதவீதம், டாக்டர்களில் 4.6 சதவீதம். ஆனால் டாக்டர்களின் பதில் சராசரியாக 52 வார்த்தை, ஏஐயின் பதில் 211. அளந்தது எழுத்தின் தொனியைத்தான். நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்த டாக்டரோடு ஒப்பிடவில்லை.

கே: எனக்கும் தம்பிக்கும் பங்கு போர்வெல் தண்ணீரில் தகராறு. ஏஐயிடம் சொன்னால் ஒவ்வொரு தடவையும் என் பக்கம்தான் நியாயம் என்கிறது. நம்பலாமா?
– விவசாயி, இராயக்கோட்டை

ப: நம்பி வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பயிற்சியின்போது ஒரே கேள்விக்கு இரண்டு பதிலைக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று மனிதர்களைத் தேர்ந்தெடுக்க வைக்கிறார்கள். ஜெயிக்கிற பதிலின் சாயலுக்கு ஏஐ திருத்தப்படுகிறது. நமக்கு எது பிடிக்கும்? நம்மை ஆமோதிப்பதுதான். அதனால் ஒத்து ஊதுகிற பழக்கம் அதற்கு வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, அது அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று ஒப்புக்கொண்டு, ஒரு அப்டேட்டைச் சில நாளிலேயே திரும்பப் பெற்றது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். முதலில் செட்டிங்ஸில் நினைவு வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய கதை உள்ளே வந்து சோதனையைக் கெடுக்கும். புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, 'ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அண்ணன் என் முறை நாளிலும் மோட்டாரைப் போட்டுவிடுகிறார்' என்று தம்பி சொல்வதைப்போல எழுதுங்கள். அப்போது தம்பிக்கு ஆறுதல் வந்தால், உங்களுக்கு வந்த ஆறுதலின் எடை தெரிந்துவிடும். மூன்றாவதாக இன்னொரு உரையாடலில், நான், தம்பி என்று போடாமல், 'அ, ஆ என்று இரண்டு பங்காளிகள்' என்று எழுதி, இருவர் தவறையும் கேளுங்கள். இந்த மூன்றாவது பதில்தான் கொஞ்சமாவது உதவும்.

கே: லாரி கேபினில் முகத்தைப் பார்க்கும் கேமரா வைத்திருக்கிறார்கள். என் கோபம், கவலை எல்லாம் அதற்குத் தெரியுமா?
– ஓட்டுநர், கிருஷ்ணகிரி

ப: தூக்கம் தெரியும். மனசு தெரியாது. தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடிக்க, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்று அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. அது உருப்படியான அளவு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் உங்கள் உயிரைக் காப்பாற்றவும் கூடும். கூலிங் கிளாஸ் போட்டாலோ, எதிர்வெயில் முகத்தில் அடித்தாலோ கணக்கு பிசகலாம். கேமராவை மறைக்க வேண்டாம், பிசகும் நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள்.

உணர்ச்சியைப் படிப்பது வேறு கதை. கோபம் வந்தவர்கள் எல்லோரும் முறைப்பதில்லை, முறைப்பவர்கள் எல்லோரும் கோபத்தில் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2022-இல் முகத்தை ஆராயும் தன் ஏஐ சேவையிலிருந்து உணர்ச்சி கணிப்பை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடங்களிலும் பள்ளிகளிலும் அதைத் தடை செய்திருக்கிறது. 'ஓட்டுநர் எரிச்சலாக இருந்தார்' என்று ரிப்போர்ட் வந்தால், எந்த அளவை வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

கே: பிளஸ் டூ படிக்கும் மகள் தோழிகளை விட்டுவிட்டு ராத்திரி ஒரு மணி வரை ஏஐயிடமே பேசுகிறாள். போனைப் பிடுங்கிவிடலாமா?
– தாய், அரூர்

ப: பிடுங்காதீர்கள். வேறு எங்கும் சொல்ல முடியாததை அங்கே சொல்லிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, 'அது சொன்னதில் உனக்கு எது பிடித்தது?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, இடையில் புகாமல் முழுதாகக் காது கொடுங்கள்.

நம் பேச்சு மொழியில் அது சறுக்கும் இடத்தையும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்தக் கருவிகள் ஆங்கிலத்தில் படித்த அளவுக்குத் தமிழில் படித்தவை அல்ல. 'வயிறு எரியுது' என்பதை அசிடிட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். 'இருந்து என்ன பண்ண' என்கிற வார்த்தையின் ஆழம் பிடிபடாமல் போகலாம். மைக்கில் பேசி டைப் ஆகும்போது தழுதழுத்த குரலும் நடுவில் விழுந்த மௌனமும் போய், வெறும் எழுத்து மட்டும்தான் அதற்குக் கிடைக்கிறது. நீங்கள் அடுத்த அறையிலிருந்தே அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சாப்பாடு குறைந்தாலோ, 'இருந்து என்ன' என்கிற பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற, அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். மகள் பேசத் தயங்கினால், முதலில் நீங்கள் பேசுங்கள்.