கார்டில் லட்சம் இருந்தும் கடையில் கைவிரித்தது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கிரெடிட் கார்டின் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். மகளின் வளைகாப்புக்காகத் தெற்கு ஆவணி மூல வீதியில் 38,000 ரூபாய்க்கு வளையல் எடுத்துவிட்டு கார்டைக் கொடுத்தால், 'டிக்ளைன்ட்' என்று வந்துவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் 48,000 ரூபாய் ஃபிரிட்ஜை ஓராண்டுத் தவணையில் வாங்கினேன். இரண்டு தவணைகளும் ஒழுங்காகக் கட்டியாயிற்று. என் மனைவியிடம் உள்ள ஆட்-ஆன் கார்டில் 14,000 ரூபாய்க்குத் துணி எடுத்திருக்கிறோம். போன வாரம் கொடைக்கானலில் தங்கிய ஓட்டலில் கார்டைக் காட்டினோம். ஆனால் பில்லை ரொக்கமாகவே கொடுத்துவிட்டோம். பாதி வரம்புகூடத் தீராதபோது வங்கி எப்படி மறுக்கலாம்?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வங்கி கணக்குப் பார்க்கும் முறையும் நீங்கள் கணக்குப் பார்க்கும் முறையும் வேறு. தவணையில் வாங்கும்போது மாதாமாதம் கட்டும் தொகையைத்தான் நாம் செலவாக நினைக்கிறோம். வங்கியோ முதல் நாளிலேயே முழு 48,000 ரூபாயையும் வரம்பிலிருந்து கழித்துவிட்டு, ஒவ்வொரு தவணையிலும் அசலாக எவ்வளவு அடைகிறதோ அவ்வளவை மட்டுமே திரும்ப விடுவிக்கும். தொடக்கத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால், 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், இரண்டு தவணைகளுக்குப் பின்னும் ஏறத்தாழ 40,500 ரூபாய் வரம்பில் முடங்கியே நிற்கும். ஆட்-ஆன் கார்டுக்கென்று தனி வரம்பு கிடையாது. உங்கள் மனைவி செலவழித்த 14,000 ரூபாயும் அதே ஒரு லட்சத்திலிருந்துதான் போயிருக்கிறது.

பலருக்கும் பிடிபடாதது ஓட்டல் விஷயம். அறை கொடுக்கும்போது கார்டை வாங்கித் தேய்க்கும் ஓட்டல்கள், தங்கும் செலவுக்கு உத்தரவாதமாக ஒரு தொகையை நிறுத்திவைக்கும்படி வங்கியிடம் கேட்கின்றன. அது செலவல்ல என்பதால் மாத பில்லில் வராது. ஆனாலும் வரம்பிலிருந்து கழிந்திருக்கும். நீங்கள் ரொக்கமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்பது வங்கிக்குத் தானாகத் தெரியாது. ஓட்டல்காரர் விடுவிக்கும்வரையோ அதற்கான கெடு முடியும்வரையோ அந்தத் தொகை முடங்கியே கிடக்கும். 10,000 ரூபாய் அப்படி நிற்கிறது என்று கொண்டால், உங்களிடம் மிஞ்சியது 35,500 ரூபாய்தான். 38,000 ரூபாய் வளையலுக்கு அது போதவில்லை. கார்டு செயலியில் மொத்த வரம்பைப் பார்க்காமல், 'அவைலபிள் லிமிட்' என்று தனியே காட்டும் தொகையைப் பார்ப்பதே சரி. ஓட்டலுக்கு எழுதி, நிறுத்திய தொகையை விடுவிக்கச் சொல்லுங்கள். வளையல் அவசரமென்றால், பில் வரும்வரை காத்திருக்காமல் கார்டு கணக்கில் கொஞ்சம் முன்பணம் கட்டினாலும் அந்த அளவுக்கு இடம் கிடைக்கும்.

2,500 ரூபாய்தானே குறைகிறது, வங்கி அனுமதித்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வரம்பை மீறிய செலவுக்கு நீங்கள் வெளிப்படையாகச் சம்மதம் தந்திருந்தால் மட்டுமே வங்கி அதை ஏற்றுக் கட்டணம் வசூலிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நெறிமுறை. அந்தச் சம்மதத்தைத் தராமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. பல வங்கிகளில் இந்தக் கட்டணம் மீறிய தொகையில் 2.5 சதவீதம்; கூடவே ஐந்நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு குறைந்தபட்சத் தொகையும் உண்டு; இரண்டில் எது அதிகமோ அதையே பிடிப்பார்கள். 2,500 ரூபாய்க்கு 2.5 சதவீதம் அறுபத்து மூன்று ரூபாய்கூட வராது. ஆனால் குறைந்தபட்சத் தொகை 550 ரூபாய் என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 649 ரூபாய் போய்விடும். கடையில் ஒரு நிமிடம் முகம் சுண்டியதோடு உங்களுக்கு அது மிச்சம்.

கேள்வி: சார்ஜ் கார்டுக்கு வரம்பே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்கிறார் என் தொழில் நண்பர். உண்மையா?
– ஒரு வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: பாதி உண்மை. அந்தக் கார்டில் முன்கூட்டியே அறிவித்த வரம்பு இல்லை. வரம்பே இல்லை என்று பொருளல்ல. நீங்கள் இதுவரை செலவழித்த விதம், பில்லைக் கட்டிய ஒழுங்கு, வருமானம் ஆகியவற்றை வைத்து, ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் நிறுவனம் அப்போதைக்கப்போது முடிவெடுக்கிறது. மாதம் முப்பதாயிரம் செலவழிப்பவர் திடீரென்று ஆறு லட்சத்துக்கு இயந்திரம் வாங்கப் போனால் மறுக்கப்படலாம். ஆகவே பெரிய கொள்முதலுக்கு முன், இந்தத் தொகை செல்லுமா என்று செயலியிலோ தொலைபேசியிலோ கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்குக் கேட்டால், எண் தெரிந்த வரம்பே தொழில் செய்பவருக்கு வசதி.

இன்னொன்றை உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டிருக்கிறார். 1950-இல் டைனர்ஸ் கிளப்பும் 1958-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் கொண்டுவந்த கார்டுகள் இந்த வகைதான்: பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். கிரெடிட் கார்டில் இருப்பதுபோலக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு அடுத்த மாதத்துக்குத் தள்ளும் வழி இதில் இல்லை. சரக்கு விற்ற பணம் தொண்ணூறு நாள் கழித்து வரும் தொழிலுக்கு இது பொருந்துமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கார்டின் வரம்பு 60,000-லிருந்து 1,50,000 ஆக உயர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான் கேட்கவே இல்லை. கார்டைப் பெரும்பாலும் என் மகன்தான் பயன்படுத்துகிறான், பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: அந்தச் செய்தியை மறுபடி படியுங்கள் அம்மா. 'உயர்த்திக்கொள்ளத் தகுதி பெற்றுள்ளீர்கள்' என்று மட்டும் இருந்தால் அது வெறும் அழைப்பு; இணைப்பைத் தொடாமல் விட்டுவிடலாம். உண்மையிலேயே உயர்த்தியிருந்தால், உங்கள் சம்மதமின்றிச் செய்தது தவறு. பழைய வரம்புக்கே குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்கிடையில், வங்கியின் செயலியில் இணையவழி, கடை, வெளிநாடு என்று ஒவ்வொன்றுக்கும் நீங்களே தனித்தனி உச்சவரம்பு வைக்கலாம், வேண்டாததை மூடியும் விடலாம். 2020 அக்டோபர் முதல் எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தந்தாக வேண்டும். பின் எண் இல்லாமல், கடை இயந்திரத்தில் கார்டைத் தட்டினாலே 5,000 ரூபாய் வரை போகும் வசதியை முதலில் மூடுங்கள். முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.