தொழில்நுட்பப் புத்தகங்களுக்கு, துறை தெரிந்தவர்கள் சரிபார்த்த மதிப்புரைகளை மட்டும் வெளியிடும் தளம் ஒன்றைத் தொடங்க என்ன செய்ய வேண்டும்?

தளம் கட்டுவது ஒரு சனி, ஞாயிறு வேலை. மதிப்புரை எழுதவும் ஆள் கிடைப்பார்கள். அதை உட்கார்ந்து படித்து, "இந்த இடம் தப்பு" என்று சொல்கிற இரண்டாவது ஆள்தான் லேசில் கிடைக்க மாட்டார். கோவையில் ஆறு பேர் சேர்ந்து இப்படி ஒரு சின்னத் தளத்தை மூன்று வருடமாக ஓட்டுகிறோம். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு வந்த இரண்டாவது மதிப்புரை, ஒரு சி மொழிப் புத்தகத்துக்கு. எழுதிய பையன், "பயிற்சிக் கேள்விகள் அருமை, இன்டர்வியூவுக்கு இது ஒன்றே போதும்" என்று முடித்திருந்தான். நடை நன்றாக இருந்தது, போட்டுவிடலாம் என்றேன். எங்களில் ஒருவர் பாலிடெக்னிக் ஆசிரியர். அவரைச் சார் என்றே சொல்கிறேன். "புத்தகத்தை எடுத்துட்டு வாப்பா, ஓட்டிப் பாத்துடலாம்" என்றார்.

அந்தப் பையன் புகழ்ந்திருந்த கேள்விகளில் ஒன்று இது: ஐ-யின் மதிப்பு 5. ஒரே பிரிண்ட்எஃப் வரியில் ஐ, ஐ பிளஸ் பிளஸ், பிளஸ் பிளஸ் ஐ (பின்னவை இரண்டும் ஐ-யில் ஒன்றைக் கூட்டும்) மூன்றையும் அச்சிட்டால் என்ன வரும்? புத்தகத்தில் விடை 7 6 6. சாரின் லேப்டாப்பில் இரண்டு கம்பைலர்கள், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்கள், இருந்தன: ஜிசிசி 7 6 7 என்றது, கிளாங் 5 5 7 என்றது. வேடிக்கை என்னவென்றால், எந்த கம்பைலரையும் குறை சொல்ல முடியாது. இப்படி எழுதினால் என்ன வரவேண்டும் என்று சி மொழியின் தரநிலை வரையறுக்கவே இல்லை. கம்பைலர் எதைக் கொடுத்தாலும் கேட்க ஆளில்லை. டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்து விடையைப் புத்தகம் சட்டம் மாதிரி அச்சிட்டிருந்தது, மதிப்புரை அதற்குக் கைதட்டியிருந்தது. என் கண்ணுக்கு இரண்டுமே தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரே விதி: சரிபார்ப்பவர் கையில் புத்தகம் இருக்க வேண்டும், அதிலிருந்து குறைந்தது ஐந்து நிரல்களை அவரே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எந்த கம்பைலர், எந்த வெர்ஷன் என்பதும் மதிப்புரையின் கீழே வரும். இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2016-இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் என்ற ஆய்விதழில், சரிபார்ப்பவர் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்க ஒவ்வொரு அம்சமாக டிக் செய்வார். நிறுவ முடிகிறதா, சொன்னபடி வேலை செய்கிறதா என்று அவர்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. அதைப் பார்த்துத்தான் எங்கள் படிவத்தைத் தயாரித்தோம்.

சரி, இவ்வளவு வேலையை ஒருவர் எதற்குச் சும்மா செய்வார்? காசு கொடுக்க எங்களிடம் வழியில்லை. எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், "சரிபார்த்தவர்" என்று பெயர் போட்டோம். நம்ப மாட்டீர்கள், அதற்குப் பிறகுதான் ஆள் வரத் தொடங்கினார்கள். கணினி அறிஞர் டொனால்ட் நூத், 2008 வரை, தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பி வந்தார். பதினாறடிமானக் கணக்கில் 256-ஐ 100 என்று எழுதுவார்கள், அதனால் 256 சென்ட் அந்தக் கணக்கில் ஒரு டாலர் என்பது அவர் குசும்பு. பல பேர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்கள். நம் ஊரில் மட்டும் வேறு கதையா இருக்கும்?

ஆனால் பெயர் போடுவதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஒரு இளம் விரிவுரையாளர், ஒரு துறைத்தலைவர் எழுதிய பாடநூலுக்கு நியாயமான, கொஞ்சம் காட்டமான மதிப்புரை கொடுத்தார். இரண்டே நாளில் போன். "அண்ணா, என் பேரை எடுத்துடுங்க. அவர்தான் எங்க சிலபஸ் கமிட்டியில இருக்கார்." எடுத்துவிட்டோம். இப்போது எழுதுகிறவர் புனைபெயரில் எழுதலாம், ஆனால் சரிபார்த்தவர் பெயர் நிஜப் பெயராகத்தான் இருக்க வேண்டும். அந்த மதிப்புரைக்குக் கீழே சரிபார்த்தவராக இருப்பது என் பெயர். இலவசப் பிரதி வாங்கினால் அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

தொழில்நுட்பப் பக்கம் நாங்கள் பட்ட அடி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் புத்தகத்தின் அடையாளமாக வைத்து டேட்டாபேஸ் போட்டோம். கெட்டி அட்டைக்கு ஒரு எண், பேப்பர்பேக்குக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று, இந்திய மலிவுப் பதிப்புக்கு இன்னொன்று! ஒரே புத்தகம் நாலு பக்கமாகச் சிதறிவிட்டது. ஓப்பன் லைப்ரரி என்ற இணைய நூற்பட்டியல் மாதிரி "நூல்" வேறு, "பதிப்பு" வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். மதிப்புரை பதிப்போடுதான் ஒட்ட வேண்டும்: பைதான் நிரல்மொழியின் 2-ஆம் வெர்ஷனுக்கு எழுதிய பழைய பதிப்பைப் பாராட்டிய வரி, 2020 ஜனவரி 1-இல் அந்த பைதானுக்கு ஆதரவே முடிந்த பிறகும் புதிய பதிப்பின் தலையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

நட்சத்திரம் வேண்டவே வேண்டாம். மூன்றரை நட்சத்திரத்தை வைத்து ஒரு மாணவன் என்ன செய்வான்? பிரிட்டனின் ஏசிசியு என்ற நிரலாளர் அமைப்பு தன் மதிப்புரைகளில் "பரிந்துரைக்கிறேன்", "பரிந்துரைக்கவில்லை" என்கிற மாதிரி வார்த்தையாகவே சொல்லும். நாங்கள் அதோடு "யாருக்கு" என்பதையும் சேர்த்தோம்.

இன்னொன்று, எல்லாமே கிட் என்ற, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆரம்பத்தில் பிடிவாதமாக இருந்தேன். அதனால் நல்ல ஆசிரியர்கள் சிலரை இழந்தோம். சார் இன்றும் ஏ4 தாளில் பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார். தட்டச்சு செய்வது என் வேலை. தாளின் மேல் மூலையில், தேதிக்கு முன்னால், கம்பைலர் வெர்ஷனை எழுதிவிடுவார்.