கோர் மஹியாவும் ஸ்பான்சரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்யாவின் கோர் மஹியா கால்பந்து கிளப் 2022–23 லீக் சாம்பியன். ஆனாலும் அடுத்து வந்த ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் ஆட அனுமதி கிடைக்கவில்லை. பழைய வீரர்களுக்கு வைத்த பாக்கிதான் காரணம் என்று படித்தேன். இத்தனை ரசிகர்கள் உள்ள கிளப்புக்கு ஏன் இந்த நிலை? பெரிய ஸ்பான்சர் ஒருவர் அமைந்தால் சரியாகிவிடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெரிய ஸ்பான்சர் ஏற்கெனவே அமைந்திருந்தார். 2018 நவம்பரில் கோர் மஹியா இங்கிலாந்து போய், எவர்டன் கிளப்பின் அன்றைய மைதானமான குடிசன் பார்க்கில் அந்த அணியுடன் ஆடியது. இரு கிளப்புகளுக்கும் ஒரே ஸ்பான்சர், ஸ்போர்ட்பெசா என்ற, விளையாட்டில் பந்தயம் கட்டும் சூதாட்ட நிறுவனம். 4–0 என்று தோற்றாலும், கென்யக் கிளப் ஒன்று அந்த மைதானத்தில் இறங்கியதே பெரிய விஷயம். ஒன்பது மாதத்தில், 2019 ஆகஸ்டில், அந்தப் பணம் நின்றுபோனது. கிளப் மீது எந்தத் தவறும் இல்லை. வரித் தகராறில் நிறுவனத்தின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். பந்தய வரி 35 சதவீதமானபோது, 2018 தொடக்கத்திலேயே இதே நிறுவனம் ஒருமுறை விலகி, பிறகு திரும்பி வந்தது. அந்த முதல் விலகலையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்பான்சர் போனதும் கடன் எப்படிப் பெருகுகிறது என்பதைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் வராத வீரர், கிளப்புக்கு எழுத்தில் 15 நாள் அவகாசம் தந்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வீரர் என்றால் வழக்கு நேரே ஃபிஃபாவுக்குப் போகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 80,000 ஷில்லிங், 24 மாத ஒப்பந்தம். ஆறாவது மாத முடிவில், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நிற்க, வீரர் வெளியேறுகிறார். பாக்கி 1,60,000. மீதி 18 மாதத்துக்கு நஷ்டஈடு 14,40,000. ஆக 16 லட்சம், அதற்கு மேல் வட்டி. வேறு கிளப்பில் சேர்ந்து அவர் சம்பாதிப்பது கழிக்கப்படும், ஆனால் வேலை கிடைக்காதவருக்கு முழுத்தொகையும் தர வேண்டும். தீர்ப்புக்குப் பின் 45 நாளில் கட்டாவிட்டால் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை, அதிகபட்சம் மூன்று பதிவுக் காலங்கள் (கிளப்புகள் புதிய வீரர்களைச் சேர்க்க அனுமதிக்கப்படும் காலங்கள்) வரை. கோர் மஹியா இந்தத் தடைகளையும் அனுபவித்தது. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஆடத் தேவையான கிளப் உரிமத்துக்கும் இதே பாக்கிதான் குறுக்கே நின்றது. களத்தில் ஜெயித்த பையன்களை, தாங்கள் வாங்காத கடனுக்காக வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

அப்படியானால் டஸ்கர் போல நிறுவனமே கிளப்பை வைத்திருப்பது மேலா? மதுபான ஆலையின் அணியாக, கென்யா புரூவரீஸ் என்ற பெயரில் தொடங்கியது டஸ்கர். சம்பளம் ஓரளவு நிச்சயம். 2021, 2022 இரண்டு ஆண்டும் லீக் பட்டம் அவர்களுக்கே. ஆனால் அவேண்டோ ஊரின் சோனி சுகரும் ஆலை அணிதான். 2006இல் சாம்பியன். சர்க்கரை ஆலை நொடிந்ததும் அணியும் நொடிந்தது. 2019இல் மூன்று ஆட்டங்களுக்கு வர முடியாமல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஆலைக்கு வரும் நோய் அணிக்கும் வரும்.

கோர் மஹியா ரசிகர்கள் 'கோர் பிரோ, யவ்னே யோ' என்று பாடுவார்கள். கோர் வருகிறது, வழி விடுங்கள் என்று அர்த்தம். அந்தக் கூட்டம்தான் கிளப்பின் நிஜமான சொத்து. டிக்கெட், அசல் ஜெர்சி விற்பனை, உறுப்பினர் சந்தா, இந்த மூன்றிலும் ஓட்டையை அடைத்து, நிரந்தரச் சம்பளத்தை அந்த வருமானத்துக்குள் அடக்க வேண்டும். ஸ்பான்சர் பணம் வெற்றி ஊக்கத்தொகைக்கும், ஆப்பிரிக்கப் போட்டிகளின் பயணத்துக்கும், மூன்று மாதச் சம்பளக் கையிருப்புக்கும் போகட்டும். முதல் தவணை கைக்கு வரும்வரை இரண்டு ஆண்டு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்த ஸ்பான்சர் அறிவிப்பு வரும்போது தொகையைப் பார்க்காதீர்கள். விலக எத்தனை மாத முன்னறிவிப்பு, அரசு சட்டத்தை மாற்றினால் மீதித் தவணை வருமா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவான முன்னறிவிப்பு என்றால், அந்தப் பணத்தை நம்பி ஒரு வெளிநாட்டு வீரரைக்கூட எடுக்கக் கூடாது.