நாற்பத்தெட்டில் மூன்று பாக்கி: பழைய பதிவுகளை அழித்துவிடலாமா?

கேள்வி: அலுவலக வேலை போக மிஞ்சும் நேரத்தில் பியானோ வாசிப்பவன் நான். பாக் எழுதிய ‘வெல்-டெம்பர்ட் க்ளாவியர்’ இரண்டு தொகுதிகளையும் வீட்டு அப்ரைட் பியானோவில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வருகிறேன். ஒவ்வொரு ஜோடியும் ஒரு பிரெல்யூட் (முன்னுரை போன்ற பகுதி), ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசிக்கும் பகுதி). ஏழு வருடத்தில் 48 ஜோடிகளில் 45 முடிந்துவிட்டன. முதல் தொகுதியின் ஏ மைனர், பி மைனர், இரண்டாம் தொகுதியின் பி ஃப்ளாட் மைனர் மூன்றும்தான் பாக்கி. ஆனால் ஆரம்பகாலப் பதிவுகளை இப்போது கேட்டால் கூச்சமாக இருக்கிறது. இரைச்சல், அவசரமான வேகம், தப்பான டிரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக வாசிக்கும் அலங்காரம்), ஒன்றுக்கொன்று ஒட்டாத சுருதி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா? இணையத்தில் வெளியிடுமுன் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: அழிக்காதீர்கள். முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். இத்தனையையும் திரும்ப வாசிக்க இன்னும் சில வருடங்கள் பிடிக்கும். அதற்குள் உங்கள் கையும் காதும் மறுபடி மாறியிருக்கும், முதலில் திருத்தியவை பழசாகிவிடும். பாக்கி மூன்றையும் முடியுங்கள். பழையவற்றைப் பற்றிய பேச்சே அதற்கு அப்புறம்தான். கடினமான வேலை எதிரில் நிற்கும்போது முடித்த வேலையில் குறை தெரிய ஆரம்பிப்பது சகஜம். நீங்கள் கடைசிவரை தள்ளிவைத்திருக்கும் மூன்றும் எவை என்று பார்த்தால் அந்தச் சந்தேகம் எங்களுக்கு இன்னும் வலுக்கிறது.

ஏ மைனர் ஃபியூகில் சிக்கல் கடைசியில் இருக்கிறது. 87 பார்கள் (தாளக் கட்டங்கள்) நீளும் நாலு குரல் ஃபியூக். முடிவில் கீழ் ஏ சுரம் பல பார்களுக்கு நீண்டு நிற்க, அதன்மேல் மற்றக் குரல்கள் நகர்கின்றன. இரண்டு கைகளால் மட்டும் அதைப் பிடித்து வைக்க முடியாது. உங்கள் விரல்களின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை விடுங்கள், யாராலும் முடியாது. கிராண்ட் பியானோவில் நடுப் பெடல் கைகொடுக்கும். சாஸ்டெனூட்டோ என்னும் அது, மிதிக்கும்போது அழுந்தியிருக்கும் சுரங்களை மட்டும் நீடிக்கவைக்கும். பெரும்பாலான அப்ரைட்களில் நடுப் பெடல் ஒலியை அமுக்கும் துணியை இறக்குவதற்கோ, கீழ்ச் சுரங்களின் டாம்பர்களை (தந்தியின் ஒலியை அடக்கும் மெத்தைகளை) மொத்தமாகத் தூக்குவதற்கோதான் இருக்கும். முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். உண்மையான சாஸ்டெனூட்டோ என்றால், ஏ மட்டும் அழுந்தியிருக்கும் தருணத்தில் பெடலை மிதிக்க வேண்டும். வேறு சுரங்களும் விரலில் இருந்தால் அவையும் சேர்ந்து மாட்டிக்கொண்டு கடைசிவரை ஒலிக்கும். அந்த வசதி இல்லையென்றால் வலது பெடலை முழுக்க மிதித்துச் சமாளிக்காதீர்கள். மைக்கில் அது மேல்குரல்களைக் கஞ்சியாகக் குழைத்துவிடும். ஒவ்வொரு இசைவு மாற்றத்திலும் பெடலைப் பாதி மட்டும் விட்டுப் பிடியுங்கள். தடித்த கீழ்த் தந்தி பாதி விடுப்பில் முழுதாக அடங்காது, மெல்லிய மேல்தந்திகள் அடங்கிவிடும். அதுவும் சரிவரவில்லையென்றால், ஒலி தேய்ந்த இடத்தில் ஏ-யை ஒருமுறை மெதுவாகத் திரும்ப அழுத்துங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக ஏ-யைப் பதிந்து மேலே ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். அந்தத் தந்தி மற்றவற்றோடு சேர்ந்து அதிரும் ஒலி அதில் இருக்காது, ஒட்டு பளிச்சென்று தெரிந்துவிடும்.

பி மைனர் வேறு மாதிரிக் கஷ்டம். பிரெல்யூடுக்கு ஆண்டான்டே (நடக்கும் வேகம்), ஃபியூகுக்கு லார்கோ (மிக மெதுவாக) என்று பாக்கே எழுதியிருக்கிறார். முதல் தொகுதியில் இரு பாதிக்கும் திருப்புக் குறி உள்ள ஒரே பிரெல்யூட் இதுதான். இரண்டாம் தொகுதியில் அப்படிப் பல உண்டு. அவற்றில் நீங்கள் திருப்பி வாசித்திருந்தால் இங்கும் திருப்புங்கள், இல்லையென்றால் இங்கும் வேண்டாம். முதல் பாதியின் ஒலியை நகலெடுத்துத் திருப்பின் இடத்தில் ஒட்டுவது மட்டும் கூடாது. ஒரே விசை, ஒரே நாற்காலிக் கிறீச்சு இரண்டாம் முறையும் அப்படியே வந்தால் கேட்பவர் காரணம் தெரியாமலே சலித்துப்போவார். ஃபியூகில் வேகம்தான் எதிரி. மெதுவான நடையில் ஒரு டேக்குக்கும் (ஒருமுறை வாசித்துப் பதிந்ததற்கும்) அடுத்ததற்கும் இரண்டு சதவீதம் வித்தியாசம் வந்தாலே ஒட்டும் இடத்தில் தடுக்கும். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும், தேர்ந்தெடுத்த டேக்கின் முதல் பத்து நொடியை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வாசியுங்கள். மெட்ரோனோமை விட இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வேகத்தோடு விரல் எடையும் நினைவுக்கு வரும். சப்ஜெக்டில் (ஃபியூகின் மூல மெட்டில்) இரண்டிரண்டாக இணைந்து இறங்கும் சுரங்களை ஒரு குரலில் இழைத்தும் இன்னொன்றில் வெட்டியும் வாசித்தால், எந்த இரண்டு டேக்குகளையும் சேர்க்க முடியாது. அதை முன்கூட்டியே முடிவு செய்து தாளில் குறித்துவிடுங்கள்.

பி ஃப்ளாட் மைனரில் சப்ஜெக்ட் நேராகவும் தலைகீழாகவும் வந்து, கடைசியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. முழுசாக ஒரே மூச்சில் எடுக்கப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் கை களைத்துவிடும். அன்றைய நாளில் கடைசி இருபது பார்களை முதலில் பதியுங்கள், பிறகு முழு டேக்குகளுக்குப் போங்கள்.

மூன்றுக்கும் பொதுவான தயாரிப்பு இது. ட்யூனர் வந்து சுருதி சேர்த்த பிறகு பயிற்சி செய்யாதீர்கள், அவர் வருமுன் செய்யுங்கள். பலமான வாசிப்பில் முதலில் கலைவது, ஒரே சுரத்துக்கான மூன்று தந்திகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் நிலைதான். நடு சி-க்கு மேலுள்ள ஆக்டேவில் அது உடனே காதில் விழும். அப்ரைட் என்றால் மேல்மூடியைத் திறந்து, இரண்டு மைக்குகளை 40 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் சற்று மேலே வையுங்கள். தரையில் டேப் ஒட்டி, உயரத்தை அளந்து எழுதி, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதே ஒலி கிடைக்காது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிகப் பலமான இடம் −12 டெசிபெல் அருகில் நின்றால் போதும். மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்தான் ஆகும், இடத்துக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியையும் பதியுங்கள். அது பின்னால் பலமுறை தேவைப்படும்.

மூன்று முழு டேக், பிறகு திருத்தங்கள். திருத்தும் இடத்துக்கு நாலு பார் முன்பே தொடங்கி இரண்டு பார் தாண்டி நிறுத்துங்கள். தப்பிய சுரத்திலேயே தொடங்கினால், அதற்கு முந்தைய சுரங்களின் மிச்ச ஒலி அதில் இருக்காது, ஒட்டிய இடத்தில் ஒரு பள்ளம் கேட்கும். வெட்டு, பல குரல்கள் சேர்ந்து அழுந்தும் இடத்துக்குச் சற்று முன்னால் விழட்டும். 10 முதல் 20 மில்லிநொடி க்ராஸ்ஃபேட் (ஒன்று தேய, மற்றது எழும்படி சேர்ப்பது) போதும். ஒரு குரல் நீண்டு நிற்கும்போது அதன் நடுவே வெட்டவே கூடாது.

இனி அந்த 45. தேதியும் தலைப்பும் தெரியாதபடி ஃபைல்களுக்கு எண் மட்டும் கொடுத்துக் கலைத்துப்போட்டுக் கேளுங்கள். கையில் இசைத்தாளும் பென்சிலும் மட்டும். வேறொரு நாள் இன்னொரு முறை. இரண்டு முறையும் தேறாதவற்றை மட்டும் மறுபடி வாசிக்கலாம். தேறாதது என்றால் என்ன? ஷார்ப்பையோ நேச்சுரலையோ தப்பாகப் படித்து ஃபியூக் முழுக்க அதே தப்பு வந்தது, உச்சத்தில் ஒலி உடைந்தது, தந்திகள் கலைந்து ஊளையிடுவது. இவை மூன்றும்தான். வேகம் இன்றைய உங்கள் ரசனைக்கு ஒத்துவரவில்லை என்பது காரணமாகாது. டிரிலும் அப்படித்தான். மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்காக 1720-ல் தொடங்கிய நோட்டில் பாக் எழுதிவைத்த அலங்கார அட்டவணையில் டிரில் மேல்சுரத்திலிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் அன்று கீழ்ச்சுரத்திலிருந்து தொடங்கியிருந்தால் அது மாற்றத்தக்க பழக்கம்தான், ஆனால் அதற்காக நல்ல பதிவைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே ஃபியூகுக்குள் சப்ஜெக்டின் ஒரு நுழைவில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். மறுபதிவு ஐந்தைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே வரம்பு கட்டிக்கொள்வது உத்தமம்.

சுருதி ஒட்டாததற்குப் பெரும்பாலும் பருவநிலைதான் காரணம். ஈரக்காற்றில் பியானோவின் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறும், வறண்ட காலத்தில் இறங்கும். இந்த நூலில் சி ஷார்ப் மேஜரை அடுத்து சி ஷார்ப் மைனர் என்று ஒரே ஆதாரச் சுரம் அடுத்தடுத்து வருவதால் குறை மறையாது. ஒரு பதிவில் ஏ 440 ஹெர்ட்ஸிலும் அடுத்ததில் 436-லும் இருந்தால் வித்தியாசம் சுமார் 16 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. சுருதியை மட்டும் மாற்றும் மென்பொருள் வசதியைத் தொடாதீர்கள், சுத்தியல் விழும் கூர்மையை அது மழுக்கிவிடும். வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியில் 0.9 சதவீதம் கூட்டுங்கள். நாலு நிமிட வாசிப்பு இரண்டு நொடி குறையும், யாருக்கும் தெரியாது. பழைய பதிவு அவசரமாக ஓடுகிறது என்பதும் உங்கள் குறையானால் அதை இன்னும் விரட்டாமல், பக்கத்தில் வரும் பதிவைக் கீழே இறக்குங்கள்.

இரைச்சலை 6 முதல் 8 டெசிபெலுக்கு மேல் குறைக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் சுரம் தேயும் இடங்களில் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போன்ற குமிழொலி வரும். அந்த ஒலியை விட நேர்மையான இரைச்சல் மேல்.

ஒலி அளவில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியே நார்மலைஸ் செய்யாதீர்கள் (அதாவது, உச்ச ஒலியை ஒரே அளவுக்கு உயர்த்தாதீர்கள்). அப்படிச் செய்தால் முதல் தொகுதியின் ஈ ஃப்ளாட் மைனர் பிரெல்யூடும் டி மேஜர் ஃபியூகும் ஒரே உரப்பில் வந்து நிற்கும். ஒன்றின் கடைசிப் பத்து நொடியையும் அடுத்ததன் முதல் பத்து நொடியையும் சேர்த்து ஓடவிட்டு, காதால் அளவை வையுங்கள். பிறகு மொத்தத் தொகுப்பையும் ஒரே அளவு உயர்த்தி உச்சம் −1 டெசிபெலில் நிற்கும்படி செய்யலாம். பிரெல்யூடுக்கும் ஃபியூகுக்கும் நடுவே இரண்டு மூன்று நொடி, ஜோடிகளுக்கு நடுவே ஐந்து நொடி இடைவெளி விடுங்கள். அந்த இடத்தை வெறும் மௌனத்தால் நிரப்பாமல், பதிந்துவைத்த அறையின் ஒலியால் நிரப்புங்கள்.

தலைப்பில் பி.டபிள்யூ.வி. எண் (பாக்கின் படைப்புகளுக்கான பட்டியல் எண்) கட்டாயம் இருக்கட்டும். முதல் தொகுதி 846 முதல் 869 வரை, இரண்டாவது 870 முதல் 893 வரை. பதிவு செய்த வருடத்தையும் விவரக் குறிப்பில் எழுதிவிடுங்கள். கேட்பவருக்கு ஒலி ஏன் மாறுகிறது என்று தானாகப் புரியும், நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையிருக்காது.

பாக்கின் இசைக்கு உரிமை யாரிடமும் இல்லை. ஆனால் யூடியூபின் தானியங்கிச் சோதனை உங்கள் வாசிப்பை வேறொரு பிரபலப் பதிவென்று தவறாக அடையாளம் காட்டுவது நடக்கக்கூடியதுதான். எல்லாவற்றையும் முதலில் தனிப்பட்டதாக ஏற்றி, காப்புரிமைக் கோரிக்கை ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சொந்த வாசிப்பு, காப்புரிமை காலாவதியான படைப்பு என்று காரணம் காட்டி மறுக்கலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், வெளியீட்டுத் தேதியை அதற்கேற்பத் தள்ளிவையுங்கள். வெட்டி ஒட்டாத மூல டேக்குகளை இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். வாசித்தது நீங்கள்தான் என்று காட்டவும், சுருதி மாற்றியது பிடிக்காமல் பின்னால் திரும்பிப் போகவும் அவைதான் வழி.