முதல் சால்வைக்கு முக்கோணம் போடுங்கள்

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "டீச்சர், எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்று பேர் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து குரோஷே போடுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போதுதான் ஊசி பிடிக்கிறாள். எனக்குச் சங்கிலி, ட்ரெபிள் எல்லாம் வரும். ஆனால் 30 கண்ணியில் ஆரம்பித்த ஸ்கார்ஃப் பாதியில் எண்ணிப் பார்த்தால் 26 ஆகிவிட்டது. அம்மா தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே மேசை விரிப்பு போடுகிறவர். ஆளுக்கொரு சால்வை போட ஆசை. ஒன்று டயாலிசிஸ் போகும் என் அத்தைக்கு. மற்ற இரண்டும் டிசம்பரில் கேமரன் மலைக்கு. யார் எதைப் போடுவது? என்ன நூல், எவ்வளவு வாங்குவது?"

புதிதாகக் கற்கும் பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன். அவளிடம் ஸ்கார்ஃபைக் கொடுத்துவிடாதீர்கள். நேராகப் போய் நேராகத் திரும்புவதால் ஸ்கார்ஃப்தான் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. முதலில் நீளமாகச் சங்கிலி போட வேண்டும். புதுக் கை அதை இறுக்கிவிடும், அடுத்த வரிசைக்கு ஊசியே நுழையாது. அதைத் தாண்டி வந்தாலும், விட்டுப்போன ஒவ்வொரு கண்ணியும் ஓரத்தில் கோணலாகக் காட்டிக்கொடுக்கும். ஒன்றரை மீட்டர் முடிவதற்குள் அலுத்துப்போய் ஊசியை மூலையில் வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு முக்கோணச் சால்வையைக் கொடுங்கள். அது கழுத்துப் பின்புறத்தில் ஒரு சின்ன வளையத்தில் ஆரம்பித்து வளர்கிறது. ஊசியைக் கண்ணிக்குள் குத்தத் தேவையில்லை, இடைவெளிக்குள் விட்டால் போதும். எந்த வரிசையிலும் நிறுத்திக்கொள்ளலாம். சின்னதாக நின்றால் கழுத்துக்கட்டு, பெரிதாக வளர்ந்தால் சால்வை.

ஒரு வார்த்தை முன்கூட்டியே: நான் ட்ரெபிள் என்பது நூலை ஒரு முறை ஊசியில் சுற்றிக் குத்தி, இரண்டிரண்டாக இழுத்து முடிப்பது. யூடியூபில் அமெரிக்கர்கள் இதையே டபுள் என்பார்கள்.

நான்கு சங்கிலி போட்டு வளையமாக இணையுங்கள். மறுபடி நான்கு சங்கிலி ஏறுங்கள். இதில் மூன்று ஒரு ட்ரெபிளுக்குக் கணக்கு, நான்காவது இடைவெளி. வளையத்துக்குள் மூன்று ட்ரெபிள், இரண்டு சங்கிலி, மூன்று ட்ரெபிள், ஒரு சங்கிலி, கடைசியாக ஒற்றை ட்ரெபிள். இது முதல் வரிசை. திருப்புங்கள். மறுபடி நான்கு சங்கிலி ஏறி, ஓர இடைவெளியில் மூன்று ட்ரெபிள். பிறகு வரும் ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்று ட்ரெபிள் (இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு கொத்து), கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் ஒரு சங்கிலி. நடு இடைவெளிக்கு வந்ததும் மட்டும் மூன்று ட்ரெபிள், இரண்டு சங்கிலி, மூன்று ட்ரெபிள். மறு ஓரத்தின் இடைவெளியிலும் ஒரு கொத்தும் ஒரு சங்கிலியும் போட்டு, போன வரிசையில் ஏறிய நான்கு சங்கிலியின் மூன்றாவதில் ஒற்றை ட்ரெபிள் போட்டு முடியுங்கள். அவ்வளவுதான், கடைசி வரை இதேதான்.

சரி பார்ப்பதும் எளிது. வரிசை எண்ணை இரண்டால் பெருக்கினால் அந்த வரிசையில் இருக்க வேண்டிய கொத்துகள் வந்துவிடும். ஐந்தாவது வரிசையில் 10, பத்தாவதில் 20. ஒன்று குறைந்தால் தவறு அந்த வரிசையிலேயே கண்ணில் படும், அதை மட்டும் பிரித்தால் போதும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அந்தப் பிள்ளை வாய்விட்டு எண்ணட்டும். நீங்கள் எண்ணிக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் 30, 26 விவகாரம். ட்ரெபிள் வரிசையைத் தொடங்க ஏறும் மூன்று சங்கிலியே முதல் கண்ணி. அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது கடைசி ட்ரெபிளை அந்தச் சங்கிலியின் உச்சியில் போட வேண்டும். அது மற்றக் கண்ணிகளைப் போலத் தலை காட்டாது. ஒல்லியாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் விட்டிருந்தால் உங்கள் ஸ்கார்ஃப் கூம்பியே போயிருக்கும். நாலு கண்ணிதான் குறைந்திருப்பதால் பெரும்பாலும் அதைச் சரியாகப் பிடித்து, நாலு தடவை மட்டும் தவறவிட்டிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இதற்கு ஒரு ஊக்கு போதும். மூன்றாவது சங்கிலியைப் போட்ட கையோடு அதில் ஊக்கை மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் இடத்தில்தான் கடைசிக் கண்ணி. சிலருக்கு மாறாக ஓரம் விரிந்துகொண்டே போகும். சங்கிலி ஏறிய பிறகு அதன் அடியிலேயே இன்னொரு ட்ரெபிள் குத்துவதால் வருவது அது. 30 கண்ணிக்கு ஆரம்பச் சங்கிலி 32, முதல் ட்ரெபிள் ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில். ஆரம்பச் சங்கிலிக்கு மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி எடுத்துக்கொண்டால் அடி ஓரம் சுருங்காது.

அத்தைக்கான சால்வையை நீங்களே போடுங்கள் என்பேன். மூன்றில் அதற்குத்தான் அதிக யோசனை தேவை. டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஏர்கோனில் அசையாமல் இருக்க வேண்டும். ரத்தம் உடம்பைவிட்டு வெளியே போய்ச் சுற்றி வருவதால் குளிர் இன்னும் ஏறும். ஊசி ஏற்றிய கையை நர்ஸ் எப்போதும் பார்க்க முடிய வேண்டும், அதை எதுவும் மூடக்கூடாது. ஆகவே முதலில் அத்தையிடம் எந்தக் கையில் ஏற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறு தோளிலிருந்து மடி வரை விழும் நீள்சதுரமாகப் போடுங்கள். பெரிய ஓட்டைப் பின்னல் வேண்டாம், குழாயும் விரலும் மாட்டும். குஞ்சமும் வேண்டாம். அரை ட்ரெபிள் இதற்கு ரொம்பப் பொருத்தம்: நூலைச் சுற்றிக் குத்தி இழுத்ததும் ஊசியில் மூன்று கண்ணி இருக்கும், மூன்றையும் ஒரே இழுப்பில் முடிப்பது. நெருக்கமாக வரும், கதகதப்பும் நிற்கும். இதில் ஏறும் இரண்டு சங்கிலியைக் கணக்கில் சேர்க்காமல், முதல் கண்ணியிலேயே அரை ட்ரெபிளைப் போடுங்கள். ஓரத் தொல்லை பாதி குறையும். ரத்தச் சொட்டு பட்டால் பச்சைத் தண்ணீரில் உடனே அலச வேண்டும், சுடுதண்ணீர் கறையை நிலைக்கவைத்துவிடும். மெஷினில் துவைக்கத் தாங்கும் நூலாகப் பார்த்து எடுங்கள்.

நூல் என்று வந்தால் நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சுத்தக் கம்பளியை நான் சொல்வதில்லை. அலமாரியில் பூச்சி அரிக்கும், மெஷினில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். இரவில் குளிரும், ஆனால் அந்தக் குளிருக்கு அக்ரிலிக் சால்வையே போதும். அக்ரிலிக் லேசு, சூடு தரும். சுத்தப் பருத்தி கனம். பெரிய சால்வை தன் எடையாலேயே இழுபட்டு நீளும். கடைகளில் மில்க் காட்டன் என்று 50 கிராம் கண்டாகக் கிடைப்பது தொடுவதற்கு இதமானது. ஆனால் பெயரை நம்பி வாங்காமல் லேபிளைப் படியுங்கள், உள்ளே பெரும்பகுதி அக்ரிலிக்காகவும் இருக்கலாம். ஒரு சால்வைக்கான கண்டுகள் எல்லாவற்றிலும் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கட்டும். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் நிறம் வீட்டு வாசலில் இரண்டாகத் தெரியும்.

அம்மாவுக்கு அன்னாசிப் பின்னல். மேசை விரிப்பில் அவர் பலமுறை போட்டிருக்கக்கூடியதுதான்: அடியில் ட்ரெபிள் விசிறி, அதன்மேல் சங்கிலி வளைவுகள், வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து கடைசியில் ஒற்றை வளைவில் முடியும். அவருக்குப் புதுசாகச் சொல்லித்தர எதுவும் இல்லை, கையை மட்டும் தளர்த்த வேண்டும். மேசை விரிப்பு விறைப்பாக நிற்க வேண்டியது. சால்வை தோளில் வழிய வேண்டியது. நூல் லேபிளில் ஊசி அளவு 3 மி.மீ. என்று போட்டிருந்தால் 4 அல்லது 4.5 எடுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு போட்டு, மூடிய கைமுட்டியின்மேல் வைத்துப் பாருங்கள். விரல் கணுக்களில் படிந்து விழுந்தால் சரி. அட்டை மாதிரி நின்றால் ஊசியை இன்னும் அரை மில்லிமீட்டர் கூட்டுங்கள். மற்ற இரண்டு சால்வைக்கும் இதே சோதனைதான்.

அன்னாசிப் பின்னல் ஊசியிலிருந்து இறங்கும்போது கசங்கிச் சுருண்டுதான் இருக்கும், அம்மா மனம் தளர வேண்டாம். பருத்தியாக இருந்தால் நனைத்து, துண்டில் உருட்டிப் பிழிந்து, பிள்ளைகள் விளையாடும் ஸ்பாஞ்சுப் பாயில் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஒவ்வொரு நுனியையும் இழுத்துக் குத்தி, மின்விசிறிக்கு அடியில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் கீழே இழுத்துவிடும். மழை நாளில் காலையிலேயே ஆரம்பியுங்கள். அக்ரிலிக்குக்கு நனைத்தால் பலன் நிற்காது; குண்டூசி குத்திய பிறகு நீராவி இஸ்திரியை இரண்டு விரல் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். பட்டால் உருகிவிடும்.

எவ்வளவு நூல் என்பதற்கு, முக்கோணத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே ஒரு கண்டு வாங்கி, பத்து வரிசை போட்டு, சமையலறைத் தராசில் நிறுங்கள். பத்து வரிசையில் மொத்தம் 110 கொத்து. 40 வரிசையில் 1,640. அதாவது பத்து வரிசையின் எடையைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. அது 18 கிராம் இருந்தால் 40 வரிசைக்கு 270 கிராம், 50 கிராம் கண்டில் ஆறு. கழுத்துக்கட்டாக 30 வரிசையில் நிறுத்துவதானால் எட்டரை மடங்கு போதும். 40 போடும்போது 28-ஆம் வரிசையிலேயே பாதி நூல் தீர்ந்திருக்கும். பாதி வேலை ஆவதற்குள் நூல் போய்விட்டது என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள், பத்தில் ஏழு பங்கு வரிசைகள் முடிந்திருக்கும். கடைசி வரிசை மட்டும் மொத்த நூலில் இருபதில் ஒரு பங்கு இழுக்கும். அதனால் 35 தாண்டியதும் ஒவ்வொரு வரிசைக்கு முன்னும் மீதிக் கண்டை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.