ஸ்ட்ரெயிட்டனிங் செய்த முடியிலிருந்து பழைய சுருட்டை முடிக்குத் திரும்ப முடியுமா?

நாலைந்து வருடமாக பார்லரில் ஸ்ட்ரெயிட்டனிங் செய்கிறேன், மொட்டை அடிக்காமல் சொந்தச் சுருட்டைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. நான் அப்படித்தான் திரும்பினேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேராக்கிய முடி மறுபடி சுருளாது. வேரிலிருந்து புதிதாக வளர்வதுதான் சுருட்டையாக வரும். கீழே தொங்குவது, வெட்டுகிற நாள் வரை அப்படியேதான் தொங்கும். 'பத்து வாஷில் சுருள் திரும்பும்' என்று ரீல்ஸில் விற்கிற மாஸ்க், சீரம் எதற்கும் இங்கே வேலை இல்லை.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். பார்லரில் முதலில் பூசுவார்களே, மூக்கைத் துளைக்கிற நாற்றத்தோடு ஒரு கிரீம், அதிலிருக்கும் அம்மோனியம் தயோகிளைகோலேட் இந்தப் பிணைப்புகளை அறுக்கிறது. அப்புறம் அயர்ன் வைத்து இழுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரைப் போட்டால், பிணைப்புகள் நேரான வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். நல்லவேளை, இந்தக் கூத்தெல்லாம் வெளியே தெரிகிற முடியோடு சரி. முடி சுருளாக வருமா, நேராக வருமா என்பது தோலுக்குள் இருக்கும் வேர்க்காலைப் பொறுத்தது.

அதனால் உங்களுக்குச் செய்தது என்ன என்று பார்லரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது வெறும் கெரட்டின் ட்ரீட்மென்ட் என்றால் முடியின் மேல் படிகிற பூச்சுதான். அயர்ன் சூட்டில் முடி கெட்டுப்போகாமல் இருந்தால், சில மாதங்களில் கழுவக் கழுவப் போய்விடும். வெட்டவே வேண்டியிருக்காது.

நிஜமான ஸ்ட்ரெயிட்டனிங் என்றால் வழி இரண்டு. ஒரேயடியாக வெட்டிவிடுவது, அல்லது வளர வளர நுனியை வெட்டிக்கொண்டே வருவது. முதலாவதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டுதல் என்று மொட்டை போட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். என் சித்தி மகள் அதைத்தான் செய்தாள். அடுத்த வருடம் தலை நிறையச் சுருள். (சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.)

எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை, மெதுவான வழியில் போனேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோதான் வளரும். தோள் வரை சுருட்டை வேண்டும் என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதிலும் சுருள் தன் நீளத்தைப் பாதியாகத்தான் காட்டும், வளரவே இல்லையோ என்று தோன்றும். ஒரு சுருளை நுனி பிடித்து இழுத்துப் பாருங்கள், உண்மை தெரியும்.

உண்மையான தொல்லை அந்தப் புது முடியும் பழைய முடியும் சேரும் இடம்தான். தலைக்குக் குளித்த உடனே கண்ணாடியில் பார்த்தால் தெரியும்: காது வரை வளைந்து வளைந்து வருகிற முடி, ஒரு கோட்டுக்குக் கீழே சட்டென்று குச்சியாக இறங்கும். விரலால் தடவினால் மேலே தடிப்பு, கீழே மெலிசு. சிக்கு விழுவதும், முடி அறுவதும் அந்த இடத்தில்தான். அங்கே காய்ந்த முடியில் சீப்பை விடவே கூடாது. தலைக்குக் குளிக்கும்போதே நிறைய கண்டிஷனர் போட்டு, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முதலில் விரலால், பிறகு பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கி எடுக்க வேண்டும். துண்டால் அடித்துத் துவட்டுகிற பழக்கத்தை விடுங்கள். பழைய காட்டன் பனியனால் ஒற்றி எடுத்தால் போதும்.

வெளியே போகும்போது இரண்டு விதமான முடி தெரியாமல் இருக்க, முந்தின இரவு ஈரம் பாதி காய்ந்ததும் நேரான நுனிகளைக் கிழிந்த புடவைத் துணி நாடாக்களில் சுருட்டிக் கட்டிக்கொண்டு படுப்பேன். காலையில் அவிழ்த்தால் மேலே உள்ள சுருளோடு ஓரளவு ஒட்டிப்போகும். மழை நாளில் மதியத்துக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும், அன்றைக்குக் கொண்டைதான். கர்லிங் அயர்ன் வேண்டாம், அந்தச் சூடு வளர்கிற சுருளையும் கெடுக்கும்.

எண்ணெய் விஷயத்தில் பாட்டி கட்சிதான் நான். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய். முடியின் புரத இழப்பை அது குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிக் குறைப்பதில்லை என்று 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற மாரிகோ நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் முடிக்கு ஒத்துவந்தது.

யூடியூபில் பார்ப்பதை எல்லாம் அப்படியே செய்யாதீர்கள். இந்த வழிமுறைகளில் பலவற்றை முதலில் பழகிச் சொன்னவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். அங்கே இது அழகுக்கு மட்டுமான பேச்சு அல்ல. தலைமுடியை வைத்து வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2019-ல் கலிஃபோர்னியாவில் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் முடியை நேராக்கப் பூசுகிற ரிலாக்ஸர் என்ற கிரீமில் பெரும்பாலும் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம். நம் பார்லர் கிரீம் போட்ட முடியில் அதைப் போட்டால் முடி பொடிந்துவிடும். அவர்கள் பூசுகிற ஷியா பட்டரும் நம்மில் பலருக்குக் கனம், முடி பிசுபிசுவென்று படுத்துவிடும்.

வீட்டில் 'பரட்டை', 'தலை வாரலையா' எல்லாம் வரும். பெண் பார்க்க வருகிற சமயமாக இருந்தால் இன்னும் கூடுதலாக வரும். பார்லர் அக்காவோ 'வேர்ல மட்டும் ஒரு டச்-அப் பண்ணிடலாமா' என்று ஆசை காட்டுவார். ஒத்துக்கொண்டால் அதுவரை வளர்ந்த சுருள் அத்தனையும் போச்சு.

அவரிடம் நுனி வெட்டிக்கொள்ள மட்டும் போங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. முடி காய்ந்திருக்கும்போதே, சுருள் சுருளாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டினால், காய்ந்து மேலே ஏறியபின் நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும்.